காக்டஸ் என்று விற்பது கள்ளியாக இருந்தால், அதைச் சொல்லி விற்போம்

எந்த நகரத்து நர்சரிக்குப் போனாலும் வாசல் பக்கம் ஒரு மேசை நிறையச் சின்னச் சின்னத் தொட்டிகளில் முள்செடிகள் அடுக்கியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: காக்டஸ். ஆடு மேய்த்துப் பழகியவர்கள் யாராவது அந்த மேசையைப் பார்த்தால், அவற்றில் சிலவற்றைக் காட்டி ‘இது நம்ம ஊர்க் கள்ளி மாதிரி இருக்கே, பால் வருமே’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். காசு கொடுத்து வாங்கிப் போகும் குடும்பத்துக்கு அது தெரியாது. விற்பவரும் சொல்வதில்லை.

நிழல்வலைக் குடில் போட்டு, காய்கறி நாற்றுடன் இந்தத் தொட்டிச் செடிகளையும் வளர்க்கத் தொடங்கியிருக்கும் விவசாயிகளுக்கும், அவர்களுக்கு வழிகாட்டும் தோட்டக்கலை அலுவலர்களுக்கும் இந்தக் கட்டுரை வழியாக ஒரு கோரிக்கை. பாலுள்ள கள்ளியைப் பெயர் அட்டையும் எச்சரிக்கையும் இல்லாமல் உங்கள் பண்ணையிலிருந்து வெளியே அனுப்பாதீர்கள். அதை வெட்டி, நட்டு, துடைத்து வளர்க்கும் ஆட்களுக்குக் கையுறையும் கண்ணாடியும் கொடுக்காமல் வேலை வாங்காதீர்கள். இரண்டுக்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. இவற்றைச் செய்யாமல் விட்டால் போகக்கூடியது ஒருவரின் கண்.

ஒரே பெயரில் இரண்டு குடும்பங்கள்

தமிழில் ‘கள்ளி’ என்ற சொல் பல செடிகளைக் குறிக்கிறது. சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. உண்மையான காக்டஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. வேலியோரம் நிற்கும் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, கொம்புக்கள்ளி ஆகியவை யூபோர்பியா இனங்கள். இவை ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் ஆகியவற்றின் குடும்பம். கொம்புக்கள்ளியின் அறிவியல் பெயரே யூபோர்பியா திருக்கள்ளி. மலபாரில் வழங்கிய பெயரைத்தான் 1753ல் லின்னேயஸ் அப்படியே எடுத்து வைத்தார்.

இரண்டு குடும்பங்களும் வறட்சியைத் தாங்கத் தண்டில் நீரைச் சேமித்து, இலையைக் குறைத்து, முள்ளை வளர்த்துக்கொண்டவை. அதனால் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன. நர்சரிகளில் ‘காக்டஸ்’ பெயரில் கிடைக்கும் யூபோர்பியா டிரைகோனா முக்கோணத் தண்டுடன் நிமிர்ந்து வளரும். ‘கோரல் காக்டஸ்’ என்று விலை கூடுதலாக விற்கும் பவளம் போன்ற செடி, யூபோர்பியா லாக்டியாவின் மடிப்பு வளர்ச்சியை இலைக்கள்ளித் தண்டில் ஒட்டுக் கட்டியது. மேலேயும் பால், கீழேயும் பால். மடகாஸ்கரிலிருந்து வந்து, பெரிய பூக்களுடன் மொட்டை மாடிகளை நிறைத்திருக்கும் யூபோர்பியா மிலி, தண்டு முழுக்க முள்ளும் பாலும் கொண்டது. ‘பென்சில் காக்டஸ்’ என்று அழகாகத் தொட்டியில் நிற்பது நம் கொம்புக்கள்ளியேதான்.

பிரித்தறிவது எளிது. உண்மையான காக்டஸில் ஒவ்வொரு முள் கொத்தும் பஞ்சு போன்ற ஒரு சிறு மெத்தையிலிருந்து கிளம்பும். யூபோர்பியாவில் அந்தப் பஞ்சு மெத்தை இருக்காது. முள் இருந்தால் பெரும்பாலும் தண்டின் விளிம்பில் இரண்டிரண்டாக இருக்கும். சந்தேகம் இருந்தால் கண்ணாடி அணிந்து, கையை நீட்டி வைத்துக்கொண்டு ஊசியால் தண்டில் லேசாகக் குத்திப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அதைப் பால்கள்ளியாகவே வைத்துக் கையாளுங்கள். மம்மிலேரியா போன்ற சில காக்டஸ்களிலும் பால் கசியும். ஆனால், கவனமாக இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை.

பால் என்ன செய்யும்?

மருவின் மேல் கள்ளிப்பால் வைக்கும் கைவைத்தியம் நம் ஊர்களில் பலருக்குத் தெரியும். மருவையே அரித்து எடுக்கும் என்று நம்பி வைக்கும் பால், கருவிழியில் பட்டால் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். கொம்புக்கள்ளிப் பாலை நீரில் கலந்து மீனை மயங்கவைத்துப் பிடிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. யூபோர்பியா மிலியின் பாலை நத்தைகளைக் கொல்லப் பயன்படுத்தலாமா என்று பிரேசிலில் ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கள்ளிப்பால் என்ற சொல்லே பெண்சிசுக் கொலையின் கொடிய நினைவோடு கலந்தது. அந்தக் கொடுமையைத் தடுக்கத்தான் 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. இவ்வளவு தெரிந்த நாம், அதே பால் உள்ள செடியை வேறு பெயரில் குழந்தைகள் விளையாடும் கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பாலில் உள்ள சில வேதிப்பொருள்கள் தோலையும் கண்ணையும் கடுமையாகப் புண்படுத்தும். தோலில் பட்டால் சிவந்து, எரிந்து, சிலருக்குக் கொப்புளம் வரும். கண்ணில் பட்டால் உடனே கடும் எரிச்சலும் நீர் வடிதலும் தொடங்கும். சில மணி நேரத்தில் பார்வை மங்கலாம். கருவிழியின் மேல்தோல் உரிவதும், கண்ணின் உள்ளே அழற்சி ஏற்படுவதும் உண்டு. முதல் நாளைவிட இரண்டாம் நாள் மோசமாகத் தெரியலாம். உடனே கழுவி, மருத்துவரிடம் போனவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் பார்வை திரும்பிவிடுகிறது. தாமதித்தால் கிருமித்தொற்றும் சேர்ந்து, கருவிழியில் தழும்பு விழும் அபாயம் இருக்கிறது.

பண்ணையில் பால் கண்ணுக்குப் போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். கள்ளியை வெட்டிய கையால் நெற்றி வியர்வையைத் துடைப்பது. பால் ஒட்டிய முந்தானையாலோ துண்டாலோ முகத்தைத் துடைப்பதும் அப்படித்தான். நாள் கூலிக்கு வரும் பெண்கள் மதிய வெயிலில் நூற்றுக்கணக்கான துண்டுகளை வெட்டி நடும் இடத்தில் இது எந்த நொடியிலும் நடக்கலாம்.

பட்டுவிட்டால் செய்ய வேண்டியது

கண்ணில் பால் பட்டால் கசக்கக் கூடாது. இமையை விரித்துப் பிடித்து, ஓடும் சுத்தமான நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். நான்கு கை நீரை அடித்துவிட்டு நிறுத்தினால் போதாது. இந்தப் பால் பிசுபிசுவென்று ஒட்டும் தன்மை உடையது. கழுவிய பின் எரிச்சல் குறைந்துவிட்டதாகத் தோன்றினாலும் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். எந்தச் செடி என்று காட்ட ஒரு படமோ பெயர் அட்டையோ கையில் இருந்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, மருந்துக் கடையில் கேட்டு ஏதாவது சொட்டு மருந்து வாங்கி விடுவது ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்யும் இந்த வைத்தியங்கள் கழுவும் நேரத்தைத் தின்றுவிடும். புண்ணில் கிருமியும் சேரலாம். தோலில் பட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் போதும். குழந்தை தண்டைக் கடித்துவிட்டால் வாயை நீரால் துடைத்துவிட்டு, வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 108ஐ அழையுங்கள்.

வெட்டும் முறை, நடும் முறை

பால்கள்ளியை வெட்டுபவர் நைட்ரைல் கையுறை அணிய வேண்டும். துணிக் கையுறை பாலை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். பக்கவாட்டிலும் மூடியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். முழுக்கைச் சட்டை நல்லது. வேலை முடியும்வரை கைபேசியைத் தொடாமல் இருப்பதும் ஒரு பாதுகாப்பு. பக்கத்தில் ஒரு வாளி சுத்தமான நீரும் சோப்பும் எப்போதும் இருக்கட்டும்.

கத்தியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஒரே வெட்டாக வெட்டுங்கள். வெட்டுவாயில் நீரைத் தெளித்தால் பால் கசிவது நிற்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துண்டுகளை நிழலில் 7 முதல் 10 நாள் காயவிடுங்கள். வெட்டுவாய் தோல் போல மூடிய பின்தான் நட வேண்டும். பச்சையாக நட்டால் அழுகும். கத்தியில் ஒட்டிய பிசினைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பால் கழுவினால் போய்விடும்.

வளர்ப்பைப் பொறுத்தவரை காக்டஸுக்கும் பால்கள்ளிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அடியில் துளையுள்ள தொட்டி, நீர் தங்காத கலவை, போதிய வெளிச்சம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். பருமணல் பாதி, மீதியில் செம்மண்ணும் நன்கு மக்கிய உரமும், கொஞ்சம் கரித்தூளும் என்று கலக்கலாம். தென்னை நார்க்கழிவை அதிகம் சேர்த்தால் மழைக்காலத்தில் ஈரம் காயாமல் வேர் அழுகும். நட்ட முதல் வாரம் நீர் ஊற்ற வேண்டாம். பிறகு, கலவை முழுக்கக் காய்ந்ததும் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, மறுபடி காயவிட வேண்டும். தினமும் ஒரு கை நீர் தெளிப்பதுதான் இந்தச் செடிகளை அதிகம் கொல்கிறது.

சமவெளியில் சித்திரை வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை தேவை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிழல்வலை மட்டும் போதாது. மேலே பாலித்தீன் கூரை இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் வரிசை வரிசையாக அழுகிப்போகும். மாவுப்பூச்சி முள்ளிடுக்கிலும் வேரிலும் ஒளிந்திருக்கும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, பஞ்சால் தொட்டுத் துடையுங்கள். புதிதாக வாங்கி வந்த செடியை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே சேருங்கள்.

பாலில்லாதவற்றில் தொடங்குங்கள்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒரு யோசனை. வீட்டுக்குள் வைக்க விற்கும் செடிகளில் பாலில்லாதவற்றை முதலில் பெருக்குங்கள். சோற்றுக்கற்றாழையின் உறவான ஹாவொர்தியா, பஞ்சு மெத்தையில் முள் நிற்கும் சிறு காக்டஸ்கள் ஆகியவை தொடங்குவதற்கு ஏற்றவை. எச்செவெரியா போன்ற ரோஜா வடிவச் செடிகள் மலைக் குளிருக்குப் பழகியவை. அங்கிருந்து வாங்கி வந்து சமவெளியில் விற்றால், இரவுப் புழுக்கம் தாங்காமல் வாடிக்கையாளர் வீட்டில் செத்துப்போகும். சமவெளியிலேயே வளர்ந்து பழகிய செடியை விற்பவருக்குத்தான் மறுபடியும் ஆள் தேடி வரும்.

டிராகன் பழம் வளர்க்கும் விவசாயிகளுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. சிவப்பு, மஞ்சள் உருண்டையாக விற்கும் ‘மூன் காக்டஸ்’ பச்சையம் இல்லாத செடி, தானாக உயிர்வாழாது. அதை ஒட்டுக் கட்டும் அடித்தண்டு டிராகன் பழக் கொடிதான். கவாத்து செய்து வரப்பில் எறியும் தண்டுகளில் நல்லதைத் தேர்ந்து வேர்விடச் செய்தால் அதுவே ஒரு விற்பனைப் பொருள். இரண்டுமே காக்டஸ் குடும்பம். பால் பயம் இல்லை.

பால் இல்லை என்பதால் எல்லாமே குழந்தைக்கு ஏற்றது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முயல் காது போல மெத்தென்று தெரியும் ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளி தொட்டிகளில் பிரபலம். அதன் புள்ளிகள் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான மயிர்முள்கள் இருக்கின்றன. தொட்டால் கையில் ஏறி நாள்கணக்கில் உறுத்தும். கையில் ஏறிவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை ஒட்டி இழுங்கள். அல்லது வெள்ளைப் பசையைத் தடவிக் காயவிட்டு உரித்து எடுங்கள். பெரிய முள்செடிகளை இடம் மாற்றும்போது, மடித்த செய்தித்தாளைப் பட்டையாகச் சுற்றிப் பிடித்தால் கையும் தப்பும், முள்ளும் உடையாது.

அடினியத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அது கள்ளி இல்லை, அரளியின் குடும்பம். அதன் சாற்றை ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவும் நஞ்சாகப் பயன்படுத்தினார்கள். கவாத்து செய்யும்போது கையுறை அவசியம்.

கழிவை எங்கே போடுவது?

வெட்டிய கழிவுகளை மேய்ச்சல் தரையிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். கலாங்கோ வகைகளில் கால்நடைகளின் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அவற்றைத் தின்று மாடுகள் இறந்திருக்கின்றன. நம் ஊரில் ரணகள்ளி என்று சொல்வதும் அந்த வகையே. பால்கள்ளிக் கழிவை எரித்தால் புகை கண்ணை எரிக்கும். ஆழமாகக் குழி வெட்டி மூடுவதே நல்லது.

சப்பாத்திக்கள்ளித் துண்டை வரப்பில் எறிந்தால் அங்கேயே வேர்விடும். ஒரு காலத்தில் தென்னிந்திய நிலங்களைக் காடாக மூடிய அந்தக் களையை அடக்க, 1926ல் இலங்கையிலிருந்து ஒரு செதில்பூச்சியைக் கொண்டுவந்து விடவேண்டியிருந்தது. அந்த வேலையை அடுத்த தலைமுறைக்கு மறுபடி வைக்க வேண்டாம்.

‘எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கு’

இவ்வளவையும் சொன்னால் இரண்டு பதில்கள் வரும். முதலாவது, ‘கள்ளி வேலி எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கு, யாருக்கு என்ன ஆச்சு?’ என்பது. கள்ளி வேலி வயலோரம் நின்றது, கூடத்தில் நிற்கவில்லை. ‘கள்ளிப்பால் கண்ணுக்கு ஆகாது’ என்பது அந்த வேலியோரம் நடந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லி வளர்க்கப்பட்டது. இன்று அதே செடி தொட்டியில் ஏறி நகரத்துக்குப் போகிறது, பெயரும் மாறிவிடுகிறது. அதைப் பற்றிய எச்சரிக்கை மட்டும் ஊரிலேயே தங்கிவிடுகிறது. நகரத்தில் வளர்ந்த குழந்தைக்கு அதைச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

இரண்டாவது, ‘எச்சரிக்கை எழுதினால் யார் வாங்குவார்கள்?’ என்பது. பூச்சிக்கொல்லி டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சுத்தன்மைக்கு ஏற்ப நிறக் கட்டம் போடச் சட்டம் இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் மருந்து வாங்குவதை நிறுத்திவிடவில்லை. எப்படிக் கையாள்வது என்று தெரிந்துகொண்டு வாங்குகிறோம். பிரிட்டனில் தோட்டக்கலை வணிகர் சங்கமே தீங்கு செய்யக்கூடிய செடிகளைப் பட்டியலிட்டு, அட்டையில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்கிறது. யூபோர்பியா அந்தப் பட்டியலில் உண்டு. அங்கேயும் யூபோர்பியா விற்பனை நின்றுபோகவில்லை. கண்ணில் பால் பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய குடும்பம்தான் திரும்பி வராது.

அட்டையில் என்ன எழுதலாம்?

பெரிய அச்சகம் தேவையில்லை. ஐஸ் குச்சி அளவு பிளாஸ்டிக் பட்டையில் செடியின் பெயரும் ‘பால்’ என்று சிவப்பு எழுத்தும் இருக்கட்டும். தொட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறு ஒட்டுத்தாளில் இவ்வளவு போதும்: ‘தண்டை ஒடித்தால் வரும் பால் கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து. குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்கவும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் நீரில் கழுவி உடனே கண் மருத்துவரைப் பார்க்கவும்.’ வாங்குபவரிடம் இதை ஒரு முறை வாயாலும் சொல்லிவிடுங்கள். பார்சலில் அனுப்பும்போது, வெட்டுவாய் காய்ந்த செடியை மட்டும் அனுப்புங்கள். வழியில் ஒடிந்து, பெட்டியைத் திறப்பவர் கையில் பால் ஒழுகக் கூடாது.

தோட்டக்கலை அலுவலர்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களில் பயிற்சி நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நர்சரிப் பயிற்சியில் உரம், நீர், பூச்சி என்று பாடம் எடுக்கும்போது, பால் உள்ள செடிகளைக் கையாள ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காக்டஸையும் கள்ளியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஊசி குத்திக் காட்டுங்கள். கண்ணைக் கழுவும் முறையை ஒருவரை நிறுத்திச் செய்து காட்டுங்கள். நிழல்வலைக் குடிலைப் பார்வையிடப் போகும்போது, கையுறையும் கண்ணாடியும் இருக்கின்றனவா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் கேட்கிறீர்கள் என்று தெரிந்தாலே பண்ணைக்காரர் வாங்கி வைத்துவிடுவார்.

அடுத்த முறை கள்ளி வெட்டும் நாளுக்கு முன்பே கையுறையும் கண்ணாடியும் வாங்கி வையுங்கள். அன்று வெட்ட வருபவர்களுக்கு முதலில் அவற்றைக் கொடுத்துவிட்டுப் பிறகு கத்தியைக் கொடுங்கள்.